கை மடங்கியிருந்தது

ஏழு பத்துக்கு வரவேண்டியது.
எட்டே காலாகியும் பேசின் பிரிட்ஜைத் தாண்டவில்லை என்று
கொருக்குப்பேட்டை நடைமேம்பாலத்திலிருந்து பெனிட்டா போன் செய்தாள்.
முன்னால் கரி வேகன்கள் போகின்றனவாம். ஐம்பத்தெட்டு.
எண்ணாமல் இருக்க அவளுக்கு வராது.

நாங்கள் மூன்று பேர், எண்ணூர் தாண்டி,
ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
சாம்பல் படிந்த சீமைக்கருவேலத்தின் அரைகுறை நிழலில்.
ட்ரெவர், பெரம்பூர்க்காரர், காதில் பென்சில், மடியில் நோட்டு.
காதர் ஒலி படம் எடுக்கமாட்டான், சத்தம் மட்டும்தான்.
பேரிலேயே இருக்குதே என்பான்.
நான் ஸ்டான்லியில் ராத்திரி டூட்டி முடித்து
வெள்ளைச் சீருடைமேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.
ஸ்டாப்வாட்ச் என்னுடையது.
விடியவிடிய நாடி எண்ணிய விரல்
இன்னும் தூங்கப் போகவில்லை.

கயிற்றில் துணி எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி கேட்டார்:
"இன்னா பாக்க வந்தீங்க?"
"நீராவி எஞ்சின்க்கா. பழசு. இன்னிக்கு மெயின் லைன்ல
வேகமா ஓட்டிப் பாக்கறாங்க."
"கரி போட்டா?"
"கரி போட்டுத்தான்."
"எங்க சோத்துல தினம் வுழுது கரி.
அத்தப் பாக்க பஸ் புட்ச்சி வந்தீங்களாக்கும்."
ட்ரெவர் பென்சிலை மறுகாதுக்கு மாற்றினார்.
துணியை உள்ளே வைத்துவிடச் சொன்னேன்.
பின்ன இன்னா பண்றேன் என்றார்.

முதலில் வந்தது சத்தமில்லை.
தண்டவாளத்தின் நடுவே படுத்திருந்த நாய்
எழுந்து, சோம்பல் முறித்து, இறங்கிப் போனது.

பிறகு கத்திவாக்கத்தில் ஊதல்,
நீளமாய், நடுவில் தொண்டை கட்டி, மறுபடி திறந்து.
பிறகு அடி.
நாலு நாலாய் எண்ணலாம் போலிருந்தது,
நாலு, நாலு, நா
அப்புறம் எண்ண இடமே விடவில்லை,
பெரிய துணியொன்றை ஒரே மூச்சில் கிழிப்பதுபோல.
கருத்த நெற்றி, அதில் வெள்ளி நட்சத்திரம்,
சக்கரத்தண்டு தெரியவில்லை, அது இருந்த இடத்தில் ஒரு மினுக்கல்,
ஜன்னலில் வேர்த்து வழியும் ஒரு முகம்,
எங்களைப் பார்க்கவேயில்லை.
தரை உள்ளங்கால் வழியே பல்லுக்கு வந்தது.
யாரும் கத்தக்கூடாது என்று சொல்லியிருந்த காதர் ஒலிதான்
முதலில் கத்தினான்.

பத்துக் கம்பம். இருபத்தைந்து விநாடிக்குக் கொஞ்சம் குறைச்சல்.
"எண்பத்தேழு!" என்றேன்.
ட்ரெவர் எழுதவில்லை.
"வாலைப் பார்த்தியா? கரண்ட் எஞ்சின் ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போகுது.
அது தள்ளியிருந்தா அந்த எண்பத்தேழு யாரோடது?"

மேலே மின்கம்பியைத் தொட்டிருந்ததா அதன் கை, இல்லை மடங்கியிருந்ததா?
நான் பார்த்தது கடிகார முள்ளை.
காதர் ஒலி கண்ணை மூடியிருந்தான்.
ட்ரெவரின் கண்ணில் கரித்துகள்.
இதற்காக ஒரு மாதமாய் லீவு கேட்டு வந்த மூன்று பேர்.

"மடக்கித்தான் வெச்சிருந்துச்சு,"
வாசலில் துணிக்குவியலோடு அஞ்சலாட்சி.
"தூக்கியிருந்தா கம்பி சீறும். இது சீறல.
ரா பகலா இதுக்கடில படுத்துக் கெடக்கறேன், எனக்குத் தெரியாதா?"

காதர் ஒலி திரும்ப ஓட்டிக் காதில் வைத்தான்.
சீறல் இல்லை.
அடி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஓர் இருமல்,
அதன்மேல் அவர் குரல்: "யம்மா, இன்னா போக்கு போவுது!"
அழிக்கவா என்றான்.
யாரும் தலையாட்டவில்லை.

ட்ரெவர் எண்பத்தேழு என்று எழுதினார்,
பக்கத்தில் சாட்சி என்று போட்டு, பேர் கேட்டு,
'ட்' உண்டா என்று கேட்டு எழுதினார்.

என் காலரில் கறுப்புப் புள்ளிகள்.
அடுத்த பாதையில் கரி வேகன்கள் வந்தன.
எண்ணவில்லை.

"திரும்பி எப்ப வரும்?"
"மூணு மணிக்குக்கா."
"அப்ப இன்னொருவாட்டி காயப்போடறேன்," என்று
அவர் குவியலை உதறினார்.
"ரெண்டரைக்கு எடுத்தா சரியாயிருக்கும்."